தாத்தாவின் இரும்புக் காய்

தையல்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பார்த்துச் சொல்லும் காப்பாளர் முதல் பதக்கத்தைக் கையில் எடுப்பதற்குள் ஒன்பது கதை சொல்லி முடித்திருந்தாள். போருக்குப் போய்த் திரும்பிய தாத்தாவின் தகரப்பெட்டி போன மாதம்தான் அவள் பங்குக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் அவள் அடித்த தம்பட்டம் கொஞ்சமா நஞ்சமா!

காப்பாளர் நிதானமான மனுஷர். பதக்கத்தின் விளிம்பில் பொறித்திருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். "உங்க தாத்தாவோடதுதான். சந்தேகமே வேண்டாம்," என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். கனமா இருந்துச்சு, அதான் தூக்கிட்டு வரல," என்று ஃபோனில் படத்தைக் காட்டினாள். மேலெல்லாம் கட்டம் கட்டமாய் வெட்டிய, கைக்கு அடக்கமான இரும்புக் காய். "சின்ன வயசுல இதால தட்டித்தான் பாதாம் உடைச்சுத் தின்னோம். ஓட்டை போட்டு மேசை விளக்கு பண்ணித் தரச் சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரர் ஃபிட்டர். இன்னைக்கு லீவு, டிரில்லும் கையுமா உக்காந்திருப்பாரு."

காப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அம்மா, இது கையெறி குண்டு. பயிற்சிக்கு வச்சிருந்ததுன்னா பக்கவாட்டுல ஓட்டை போட்டு, உள்ள இருக்கிற வெடிமருந்த எடுத்திருப்பாங்க. இதுல ஓட்டையே இல்ல. வீட்டுக்கு ஃபோன் போடுங்க. உடனே."

கணவர் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். டிரில் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது! அந்த மனுஷன் அவர் பாட்டுக்குச் சும்மா இருந்தார், நச்சரித்தது நான்தானே, கடவுளே! நாலாவது தடவை எடுத்தார்.

"என்னடி, கையெல்லாம் எண்ணெய். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், சொல்லு."

நாக்குக் குழறச் சொன்னாள். மறுமுனையில் டிரில்லை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"கால் அங்குலம் இறங்கிட்டேனே," என்றார். "லேசாப் புகை வருது. எண்ணெய்ப் புகையா, வேற எதாச்சுமான்னு தெரியல."

"தொடாதீங்க! அப்படியே விட்டுட்டு வெளிய ஓடுங்க!" அவள் ஃபோனில் காதை ஒட்டி நின்ற காப்பாளர் கத்திவிட்டு, இன்னொரு ஃபோனில் போலீசைக் கூப்பிட்டார்.

"மாமா உள்ள இருக்காரே."

மாமா என்றால் அவளைப் பெற்ற அப்பா. இரண்டு காலும் விழுந்து, வீட்டின் முன்பக்கம் கணவர் வைத்திருக்கும் பட்டறைக்குப் பின்னாலுள்ள அறையில் கட்டிலோடு கிடப்பவர். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. போனாலும் வந்தாலும் அந்த மேசையை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

"வேண்டாங்க. அப்பாவ விட்டுடுங்க. நீங்க வந்துடுங்க, நீங்க மட்டும் வெளிய வந்துடுங்க!"

தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளாலேயே நம்ப முடியவில்லை. கணவருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"அவ சொல்றதக் கேளுங்க மாப்பிள்ளை. போங்க."

அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ முனகினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு காலடிச் சத்தம் நெருங்கி வந்தது, மேசைப் பக்கம் வந்து, தாண்டிப் போனது. ஃபோன் மட்டும் அந்த மேசையிலேயே கிடந்தது. அதில் அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அவள் அதைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. காப்பாளர் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. எப்போது டமாலென்று கேட்குமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கால் மணி நேரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து இன்னொரு அழைப்பு வந்தது. அப்பா.

"தெருமுனை வரைக்கும் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்துட்டாரும்மா. போலீஸ் வந்து தெருவ அடைச்சிருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குது, அதான் நான் பேசறேன்."

"அப்பா..." என்றாள்.

"நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். நீ கெளம்பி வா," என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னப் பாக்கப் பயப்படாத," என்றார்.

அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.