இருநூற்று எழுபது இடம்

1988-இல் நாங்கள் கருவடிக்குப்பத்தில் குடியிருந்தோம். என் கணவர் பஞ்சநாதனும் நானும் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் புரோகிராம் எழுதுவார், நான் அதை டெர்மினலில் அடிப்பேன். கீபோர்டு முன்னால் உட்கார்ந்து யோசிக்க அவருக்கு வராது. நீள நோட்டில் பேனாவால் எழுதி, அடித்து, திருத்தி, பக்கம் முடிந்ததும் என் பக்கம் தள்ளுவார்.

அந்த வருடம் கம்பெனிக்கு வந்தது விசித்திரமான வேலை. ஒரு பெரிய கம்ப்யூட்டரை நாலு கம்ப்யூட்டர் போல நடக்க வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி மிஷின் என்றே நம்பிக்கொண்டிருக்கும். விர்ச்சுவல் மிஷின் என்பார்கள். அதற்கென்று திரை கிடையாது. அது சொல்ல நினைப்பதை எழுத்து எழுத்தாக வாங்கி, வெளியே இருக்கும் நிஜ மிஷினிடம் கொடுத்து, எங்கள் திரையில் வரச்செய்ய அதன் அடிப்படைப் புரோகிராமான கெர்னலுக்குள் ஒரு பகுதி வேண்டும். கன்சோல் டிரைவர் என்று பெயர். அது இல்லாவிட்டால் உள் மிஷின் ஊமை. அதை எழுதும் பொறுப்பு இவருடையது. டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளும் பகுதியை ரெட்டியார்பாளையத்துத் தெய்வசிகாமணி எழுதினான். இவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவான்.

இவர் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். மில் தொழிலாளியான மாமனார் என்ன நினைத்து அங்கே சேர்த்தாரோ தெரியாது. கணக்கெல்லாம் அந்த வழிதான். ஒன்று போட்டால் கீழிருந்து நீளமாக ஒரு கோடு ஏறி, பிறகு இறங்கும். ஏழு போட்டால் நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். விழுப்புரம் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்த எனக்கு அவருடைய ஒன்று ஏழாகவே தெரியும். கல்யாணமான புதிதில் நிறைய தப்பாக அடித்தேன். பிறகு பழகிவிட்டது. குறுக்குக் கோடு இருந்தால் ஏழு, இல்லாவிட்டால் ஒன்று. கை தானாக அடிக்கும்.

ஆனாலும் ஒருநாள் தலைவலியில் கத்திவிட்டேன். "வெள்ளக்காரன் கப்பலேறி முப்பது வருசமாச்சி. அவன் ஒண்ணு மட்டும் இன்னும் நம்ம ஊட்லயே குந்திக்கினு கீது."

அவர் சிரித்தார்.

டிரைவர் முடிந்து உள் மிஷின் பேசத் தொடங்கியபோது கம்பெனியில் லட்டு கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து அது விழத் தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். சில நாள் இரண்டு முறை, சில வாரம் ஒருமுறைகூட இல்லை. இப்படி விழும் மிஷின் எதனால் விழுந்தேன் என்று கடைசியாக ஒரு வரி சொல்லும். அந்த வரியும் வெளியே வரவில்லை. விழுந்த இடம் எப்போதும் தெய்வசிகாமணியின் பகுதிக்குள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இவருக்கு மஞ்சள்காமாலை. பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். படுத்தபடியே டிரைவரை வரிவரியாக வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். நோட்டையும் அடித்த தாளையும் கொண்டுவா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். டாக்டர் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றார் என்று சொல்லி நான் கொண்டுபோகவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

முதலாளி அரிகிருஷ்ணன் பார்க்க வந்தபோது இவர் சொன்னது எனக்குக் கேட்டது. "என் எழுத்துல தப்பு இல்ல சார். தம்பியோடதப் பாக்கச் சொல்லுங்க."

அதற்கு மூன்றாம் நாள் இவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது தெய்வசிகாமணிக்கு மாதக் கடைசியோடு வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். செத்துப்போனவரின் வாக்கு ஆயிற்றே, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவன் நேராக என்னிடம் வந்தான். மிஷின் விழுந்த நேரத்தில் அதன் ஞாபகத்தில் இருந்ததை எல்லாம் அச்சடித்த தாள்கட்டு ஒன்றைத் தூக்கிவந்து என் மேஜைமேல் வைத்தான்.

"நான் எழுதுனத நூறு தபா பாத்துட்டேன் அண்ணி. கண்ணு பூத்துப்போச்சி. அண்ணன் எழுத்து உங்களுக்குத்தான் தெரியும். ஒருதரம் பாருங்க."

பார்க்க எனக்கு மனம் இல்லை. அவர் எழுத்தில் தப்பைத் தேடுவது அவர் சட்டைப்பையில் கைவிடுவதுபோல இருந்தது. இரண்டு நாள் கட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனபிறகு பிரித்தேன்.

வெளி மிஷின் வேறு வேலையாக இருக்கும்போது உள் மிஷின் பேசும் எழுத்துகள் டிரைவருக்குள் ஒரு வரிசையில் காத்திருக்கும். இருநூற்று எழுபது எழுத்து வரை சேர்த்துக்கொள், அதற்குமேல் நிறுத்து என்று அவர் எழுதியிருந்தார். தாளில் அந்த வரிசையைக் கண்டுபிடித்து விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனேன். வெளியே வராத கடைசி வரியும் அதிலேயே கிடந்தது. ஆனால் வரிசைக்கு ஒதுக்கியிருந்த இடம் இருநூற்றுப் பத்திலேயே முடிந்தும் எழுத்துகள் நிற்கவில்லை. அடுத்த வீட்டுக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருந்தன. அடுத்த வீடு தெய்வசிகாமணியின் டிஸ்க் அட்டவணை. கூட்டம் அதிகமாகும்போது மட்டும் அது அழிந்திருக்கிறது. அதனால்தான் சில நாள் விழுந்தது, சில நாள் விழவில்லை.

அளவு இருநூற்று எழுபது, ஒதுக்கிய இடம் இருநூற்றுப் பத்து. நோட்டை எடுத்தேன். அளவைச் சொல்லும் வரி முன்பக்கத்தில் இருந்தது, ஏழில் குறுக்குக் கோடு. இடம் ஒதுக்கும் வரி பல பக்கம் தள்ளி. அங்கே நடு எண்ணில் குறுக்குக் கோடு இல்லை. ஒன்று என்று அடித்திருக்கிறேன்.

அவர் கோடு போட மறந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதே பக்கத்தில் இருந்த மற்ற எண்களைப் பார்த்தேன். ஒன்றெல்லாம் வெறும் குச்சி. நான் பள்ளிக்கூடத்தில் எழுதியதுபோல. அந்தப் பக்கத்திலிருந்து நோட்டு முடியும்வரை அப்படியே. ஏழு வந்தது அந்த ஓர் இடத்தில்தான், அதற்கும் எங்கள் பள்ளிக்கூட வழக்கப்படி குறுக்குக் கோடு இல்லை. நான் கத்திய நாளுக்கு மறுநாள் தேதி மேலே போட்டிருந்தது. முப்பது வருடம் எழுதிய கையை எனக்காக மாற்றியிருக்கிறார். சொல்லவில்லை. நானும் பார்க்கவில்லை. பழகிய கை பழையபடியே அடித்துவிட்டது.

அரிகிருஷ்ணன் சாரிடம் நோட்டோடு போனேன். அவர் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். யாராக இருந்தாலும் இதை ஒன்று என்றுதான் படிப்பார்கள் என்றார். வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் டைப்பிஸ்ட் பிழை என்று போட்டால் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொன்னார்.

"நோட்டுல ஏழு சரியா விழலன்னு எழுதிக்குடும்மா. போனவர இனிமே யாரு கேக்கப்போறாங்க."

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வாடகை வீடு, வேறு ஆள் இல்லை. அவர் நீட்டிய தாளை வாங்கி, பேனாவையும் திறந்துவிட்டேன்.

"ஏழு சரியாத்தான் சார் விழுந்திருக்கு," என்றேன். டைப்பிஸ்ட் பிழை என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

என்னை உடனே அனுப்பவில்லை. வாசலில் வருகைப் பதிவேடு பார்க்கும் மேஜைக்கு மாற்றினார்கள். அதற்குமுன் அந்த ஓர் எண்ணை நானே மாற்றி அடித்தேன். அதற்குப் பிறகு அங்கே எதையும் அடிக்கச் சொல்லி யாரும் என்னிடம் தரவில்லை.

மிஷின் ஒரு வாரம் விழாமல் ஓடியது. தெய்வசிகாமணியை வேலையில் வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை காலை அவன் என் மேஜைக்கு வந்து நின்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"அண்ணி, அண்ணன் என்னத் தப்பா நெனச்சிக்கினேதான் போனாரா?"

பதிவேட்டை மூடினேன். ஆஸ்பத்திரிக்கு நோட்டைக் கொண்டுபோயிருந்தால் அவர் அரைமணியில் கண்டுபிடித்திருப்பார். இல்லை தம்பி, கடைசியில் உன்மேல் தப்பில்லை என்றுதான் சொன்னார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"ஆமா," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு வருகைக் கையெழுத்துப் போடாமலே உள்ளே போனான்.