மண் கழுவும் பெட்டி

மலைமேல் கோயில் ஒலிபெருக்கி இன்னும் வாய் திறக்கவில்லை. நந்தியாற்றங்கரையில் முதலாளி கஜபதியின் தகர ஷெட்டுக்குப் பின்னால், சிமெண்டுத் தொட்டியைச் சுற்றிக் குந்தியிருந்த நால்வரின் கைகள் ஓடத் தொடங்கிவிட்டன.

நகைப் பட்டறைகளில் பெருக்கி அள்ளிய மண் அது. சோளிங்கரிலும் அரக்கோணத்திலும் புத்தூரிலும் நகை செய்யும் பத்தர்கள் அராவி, ஊதி, உதறிவிட்ட தூசி, மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும். அதைச் சுட்டு, இடித்து, சலித்து, இரும்புத் தட்டில் போட்டுத் தண்ணீரில் சுழற்ற வேண்டும். கரியும் மண்ணும் விளிம்பு தாண்டி வழிந்து போக, தட்டின் அடியில் ஒரு கோடு மஞ்சள் தங்கினால் உண்டு. அந்தக் கோட்டைப் பார்ப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும்.

மார்கழித் தண்ணீர் நகக்கண்ணில் ஊசியாக ஏறியது. கௌரியம்மாளுக்கு முழங்கைக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. பக்கத்தில் பங்காரு தட்டைச் சுழற்றியபடியே தன் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஷோபனா சிரித்தாள். தணிகைவேல் உலக்கையைப் போட்டுவிட்டு இருமினான். பேச்சு ஓடினால்தான் கை ஓடும். அந்தத் தொட்டியடியில் நெடுநாளாக அப்படித்தான்.

அன்று காலை கஜபதி வேனில் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று அலுமினியம், பளபளவென்று, கைக்கு அடக்கமாக. மற்றது உள்ளூர்த் தச்சர் செய்த மரப்பெட்டி. ஆள் நீளத்துக்கு மேலிருந்தது, இரண்டு முனையும் திறந்த கால்வாய் மாதிரி. உள்ளே ரப்பர் பாய், அதன்மேல் குறுக்கே வரிசையாகக் கட்டைகள். மேல்முனையில் மண்ணைப் போட்டுத் தண்ணீரை விட்டால் தூசி ஓடிப்போகும், கனமான பொன் கட்டைகளுக்குப் பின்னால் தங்கிவிடும்.

"கௌரி, நீதான் கை பழகினவ. எது தேவலைன்னு பாத்து சொல்லு."

கௌரியம்மாளுக்கு உள்ளூர ஒரு பெருமை. முதலில் அலுமினியத்தை வைத்தாள். தண்ணீர் சடசடவென்று ஓடியது. கீழே விழுந்த சேற்றை அள்ளித் தன் தட்டில் சுழற்றிப் பார்த்தாள். மஞ்சள் தெரிந்தது.

"இது தங்கத்தையும் சேத்துத் தள்ளிகினு போவுது. கட்டை உயரம் பத்தல."

மரப்பெட்டிக்குத் தலைமாட்டில் செங்கல் வைத்தார்கள். சரிவு கூடி, வாட்டம் அதிகமாகிப் பாயே தெரியும்படி மண் அடித்துக்கொண்டு போனது. செங்கல்லை எடுத்தால் மண் கட்டைகளுக்கு நடுவே சோறு மாதிரி இறுகிக்கொண்டது. பங்காரு ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க, தணிகைவேல் ஓட்டுச்சில்லுகளை ஒவ்வொன்றாகச் செருக, கௌரியம்மாள் தண்ணீர்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. ஒரு சில்லில் தண்ணீர் அடங்கியது. ஒவ்வொரு கட்டையையும் தாண்டும்போது ஒரு சுருள் சுருண்டு, மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தது.

"பொன்னு நின்னுடுச்சு! நின்னுடுச்சு யக்கா!" பங்காரு கத்தினாள். "இனிமே நம்ம இடுப்பு தப்பிச்சுது."

நால்வரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சாயங்காலம் பெட்டியைக் கழுவி எடுத்த மஞ்சளைக் கஜபதி காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, நாளைக்கு மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "நாளையிலேருந்து கௌரி மட்டும் வந்தா போதும்."

"அப்ப நாங்க?" என்றான் தணிகைவேல்.

"பெட்டிதான் வேலை செய்யுதே. கண்ணால பாத்தீங்க இல்ல?"

பங்காரு அவரைப் பார்க்கவில்லை. கௌரியம்மாளைப் பார்த்தாள். "இதுக்குத்தான் அம்மாம் கவனமா வாட்டம் பாத்தியா யக்கா?"

கௌரியம்மாள் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை அறையில் தனியாகக் காலந்தள்ளுகிறவள். இந்தக் கூலியை விட்டால் வேறு போக்கில்லை. மூவரும் துணிப்பைகளை எடுத்துக்கொண்டு போவதை நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு பெட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் சத்தம்தான். மண்ணை இடிப்பதும், சலிப்பதும், பெட்டியில் போடுவதும், கட்டைகளைக் கழற்றிப் பாயை அலசுவதும் எல்லாம் அவள்தான். இடுப்பு தப்பிக்கவில்லை. தொட்டியைச் சுற்றி மூன்று இடம் காலியாகக் கிடந்தது. மத்தியானம் சோற்றைத் திறந்தால் ஊறுகாய் கேட்க ஆளில்லை. சாயங்காலம் கடையில் டீ கேட்டபோது தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. பகல் முழுக்க ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஒருநாள் பங்காருவைப் பார்த்தாள். இடம் காலியாக இருந்தும் பங்காரு பையை அதன்மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெட்டியில் தங்கிய மண்ணோடு பாதரசத்தைப் பிசைந்தால் அது பொன்னை மட்டும் கவ்விக்கொள்ளும். பிறகு அடுப்பில் வைத்தால் பாதரசம் புகையாகப் போய்விடும், பொன் நிற்கும். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள் என்று கஜபதி அதை ஷெட்டுக்குள் கதவைச் சாத்தித்தான் செய்யச் சொல்வார். முன்பெல்லாம் ஒருவர் அடுப்படியில் இருந்தால் இன்னொருவர் கதவருகே நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பதில் வரத் தாமதித்தால் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார்.

இப்போது கூப்பிட ஆளில்லை. அன்று புகை தொண்டையில் இறங்கியதும் எழுந்திருக்க நினைத்தாள். கால் வரவில்லை. கண் விழித்தபோது கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணில்லாத பெட்டியில் தண்ணீர் வெறுமனே போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று கேட்பதற்குக்கூட ஒருவரில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த கஜபதி முதலில் அடுப்பைத்தான் பார்த்தார். "ஐயோ, தட்டு கவுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நான் கவுந்து கெடந்தேன் மொதலாளி."

"மோர் வாங்கிக் குடி. சரியாப் பூடும்."

அவள் மோர் வாங்கவில்லை. சுவரைப் பிடித்து நடந்து, நேராகப் பங்காருவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். மலைக்குப் போகும் மாலைகளுக்காகப் பூ தொடுத்துக்கொண்டிருந்த பங்காரு நிமிரவில்லை.

"இன்னா, பொட்டி வேலை முடிஞ்சுதா?"

"வாயெல்லாம் தகரத்தக் கடிச்சாப்பல இருக்குது பங்காரு. உள்ளாரயே வுழுந்துட்டேன்."

பங்காருவின் கை நின்றது. கௌரியம்மாளின் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தாள்.

"கதவாண்ட யாரும் நிக்கலியா?"

"யாரு நிப்பா?"

பங்காரு எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். கோபம் முகத்தைவிட்டுப் போகவில்லை, பிடித்த கையும் விடவில்லை. "மொதல்ல ஆஸ்பத்திரி. மத்ததெல்லாம் அப்பறம்."

இனி அந்தப் புகைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். திரும்பும் வழியில் கௌரியம்மாள் சொன்னாள்: "நாளைக்கு நான் மோட்டார் போடப்போறதில்ல. ஆனா தனியா நின்னா என்னையும் தொரத்திட்டு வேற ஆளை வச்சுக்குவாரு. நீங்கல்லாம் வருவீங்களா?"

பங்காரு தெருமுனையில் நின்றாள். "ஷோபனா வூட்டுக்கு இப்பிடியே பூடலாம் வா," என்றாள். "தணிகைவேலுக்கு அவ சொல்லிடுவா."

மறுநாள் விடிந்தபோது நால்வரும் பெட்டியருகே நின்றிருந்தார்கள். கஜபதி வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இன்னா கூட்டம்? மோட்டாரைப் போடு கௌரி."

"போட மாட்டேன் மொதலாளி."

"பெட்டிய ஒடைக்க வந்தீங்களா?"

"பெட்டி எங்களுக்கு விரோதி இல்லீங்க," என்றான் தணிகைவேல். "அதுக்கு வாட்டம் வச்சதே நாங்கதான். நாலு பேரும் மொறை போட்டு ஓட்டறோம். யாரும் உள்ளாரத் தனியா அடுப்புகிட்ட ஒக்காரக்கூடாது. அந்தப் புகை எங்க மூக்குலயும் போவக்கூடாது, ஊரு மூக்குலயும் போவக்கூடாது. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு அப்பறம் அடுப்பப் பத்த வைங்க."

"ஓ! நான் ஊர்லேருந்து வேற ஆளக் கூட்டிகினு வரேன். அப்ப இன்னா பண்ணுவீங்க?"

"அவங்களாண்டயும் சொல்லுவோம்," என்றாள் கௌரியம்மாள். "இங்க நான் வுழுந்து கெடந்தத சொல்லுவோம்."

அவள் குரல் உயரவில்லை. கஜபதி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

வெயில் ஏறியது. யாரும் நகரவில்லை. ஷோபனா கொண்டுவந்த இட்லியைப் பங்காரு பிட்டு, முதல் துண்டைக் கௌரியம்மாளின் கையில் வைத்தாள். இன்று சோறு கிடைத்தது, நாளைக்கு என்ன என்பது நால்வருக்கும் தெரியவில்லை. வேறு ஆட்கள் வரலாம். போலீஸ் வரலாம்.

வந்தது சோளிங்கர் மூட்டைகளை ஏற்றிய ஆட்டோ. டிரைவர் டில்லிபாபு வேலியோரம் நிறுத்தி எட்டிப் பார்த்தான். "மூட்டைய எறக்குடா!" என்று கஜபதி தூரத்திலிருந்து கையசைத்தார்.

"இன்னா யக்கா, எல்லாரும் குந்திகினு கீறீங்க?"

பங்காரு இரண்டு வரியில் சொன்னாள். டில்லிபாபு கௌரியம்மாளின் கைகளைப் பார்த்தான். பிறகு என்ஜினை அணைத்தான்.

"இவங்க பேசி முடிக்கட்டும் சார். அப்பறம் எறக்கறேன்."

மூட்டைகள் ஆட்டோவிலேயே கிடந்தன. கௌரியம்மாள் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.