பதிவில் இல்லாத ஒரு மணி நேரம்

கடல்தண்ணீர் லாரி வந்து நின்றபோது வல்லம் வடகாலில் இன்னும் விடியவில்லை. பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கொட்டகையின் பின்புறத் தொட்டியில் இறங்கினார்கள். டிரைவர் வெங்கடேசன் குழாயைத் திருப்பிவிட்டான். நுரைத்து விழுந்த தண்ணீரில் நைலான் நூல் கண்டுகளை அமுக்கி, காலால் மிதித்து, உப்பு உள்வரை ஏறவிட்டார்கள். பிறகு இருவர் இருவராக எதிரெதிரே நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து நூலை இழுத்தார்கள். விரலிடுக்கு வெடிப்புகளில் உப்பு இறங்கி எரிந்தது.

"ஏளா செல்வி, கனவுல மாப்பிள்ளய இழுக்க மாதிரி இழுக்காதளா. நூலு அறுந்துரும்" என்றாள் லூர்தம்மாள்.

செல்வலட்சுமி சிரித்தாள். தையில் அவளுக்குக் கல்யாணம்.

கடல் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அந்தக் கொட்டகையில் வளர்வது கடல்பாசி. தொட்டிகளில் வளர்த்த பாசியை விரல் நீளத்துக்குக் கிள்ளி, நீண்ட கயிறுகளில் சாணுக்கு ஒன்றாக நூலால் கட்டுவார்கள். ஈரச்சாக்கில் சுற்றிக் குளிர்வண்டியில் ஏற்றினால், அன்றைக்கே படகில் கரை தெரியாத ஆழ்கடலுக்குப் போய்விடும். அங்கே மிதவைகளுக்கு நடுவே, ஓர் ஊரையே வைக்கலாம் என்கிற அளவுக்குக் கம்பெனியின் பாசித் தோட்டம் பரந்து கிடந்தது.

கட்டுவதற்காகவே தெற்கே கடலோர வேம்பார்ப் பக்கத்திலிருந்து இருபது பெண்களைக் கூட்டி வந்திருந்தார்கள். முழங்கால் ஆழத்தில் நின்று பாசி கட்டும் அம்மாக்களின் மகள்கள் அவர்கள். முடிச்சு இறுகினால் தண்டு அறுந்துவிடும், தளர்ந்தால் அலை பிடுங்கிவிடும். ஒரு நகக்கண் இடம் விட்டுக் கட்ட அந்தக் கைகளுக்குத் தெரியும்.

விடுதிப் பேருந்து வேறொரு கம்பெனி ஆட்களை ஒரகடத்தில் இறக்கிவிட வேண்டும் என்பதால், இவர்களை ஐந்து மணிக்கே கொண்டுவந்து விட்டுவிடும். வருகை பதிய விரல் வைக்கும் பெட்டியோ ஆறு மணிக்குத்தான் விழிக்கும். சும்மா உட்காராமல் அந்த ஒரு மணி நேரத்தில் நூலை ஊறப்போட்டார்கள். யாரும் சொல்லவில்லை. யாரிடமும் அவர்களும் சொல்லவில்லை. சோறாக்கும் முன் அரிசி கழுவினேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

ஆறு மணிக்கு வந்தான் இசக்கிபாண்டி. லைன் சூப்பர்வைசர். செல்வலட்சுமியின் அத்தை மகன், தையில் தாலி கட்டப்போகிறவன். ஊருக்கு வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நான் இருக்கேன்லா, அனுப்புங்க" என்று சொல்லி இவர்களை அழைத்து வந்தவனும் அவன்தான்.

ஐப்பசி முழுக்க அவளுடைய கைகளைத் தன் போனில் படம் எடுத்தான். மேலிருந்து, பக்கவாட்டில், மிக அருகில். "எதுக்கு மச்சான் இம்புட்டு?" என்று கேட்டால், "உன் கை முடிச்சு போடுதத பாத்துக்கிட்டே இருக்கலாம் போலுக்கு. மெதுவா போடு, செல்வி" என்பான். அவளும் மெதுவாகப் போட்டாள். வெட்கத்தில் ஒருமுறை கைக்கு மருதாணிகூட இட்டு வந்தாள்.

கார்த்திகையில் இயந்திரம் வந்தது. இரண்டு இரும்புக் கைகள், பக்கத்தில் ஒரு திரை. என்ஜினியர் அதை உயிர்ப்பித்ததும் திரையில் ஒரு பெண்ணின் கைகள் தெரிந்தன. இடது கட்டைவிரலில் பவளப்பாறை கிழித்த பிறைத் தழும்பு. உள்ளங்கையில் மருதாணி. அவை போட்டதுபோலவே இரும்புக் கைகளும் பாசிக்கு முடிச்சுப் போட்டன.

கொட்டகையில் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு செல்வலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் தன் கைகளை மேலங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

மறுநாள் இருபது பேருக்கும் கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு வேலை இல்லை, போகலாம்.

"மச்சான், இதுக்குத்தான் எடுத்தியளா?"

இசக்கிபாண்டி தரையைப் பார்த்தான். "கையத்தானே எடுத்தேன், செல்வி. மொகத்த எடுக்கலையே. எல்லாம் நம்ம கல்யாணத்துக்குத்தான். எனக்கு மேல்வேலை தாரேன்னு சொல்லியிருக்காவ."

அவளுக்கு அழுகை வரவில்லை. மருதாணி இன்னும் அழியாமல் இருந்ததுதான் அவமானமாக இருந்தது.

மதியம் கேன்டீனில் அவளே எழுந்து நின்றாள். "படத்துக்குக் கை குடுத்தது நான்தான். என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

யாரும் சாப்பிடவில்லை. தட்டில் சாம்பார் ஆடை படிந்தது. லோடிங் பகுதியில் மூட்டை ஏற்றும் பென்னலூர் மெர்சிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அட லூசு, நீ இன்னா திருடிட்டு வந்தியா? ஆசையா கேட்டான், குடுத்த. எங்க நெலத்த எடுக்கசொல்லோ வூட்டுக்கு ஒரு வேலன்னு ஆசையாத்தான் கேட்டானுங்க. எங்கப்பாவும் கையெழுத்து போட்டாரு. இப்ப அதே நெலத்துல நான் மூட்ட தூக்கிகினு கீறேன். நம்பறவங்க மேல தப்பு சொன்னா அப்பறம் எவன் எவள நம்பறது? உக்காந்து துன்னு."

லூர்தம்மாள் தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்துச் செல்வலட்சுமியின் தட்டில் வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

இயந்திரம் கட்டிய முதல் கயிறுகள் கடலுக்குப் போய் எட்டாவது நாள், படகு திரும்பிவந்தது. மெர்சி லாரியிலிருந்து இறக்கிப்போட்ட கயிறுகளில் பாசி இல்லை. ஒவ்வொரு முடிச்சிலும் அரையங்குலத் தண்டு மட்டும் கழுத்தறுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நூல் கம்பியாக இறுகியிருந்தது.

லூர்தம்மாள் ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்தாள். செல்வலட்சுமியும் தடவினாள். புது நைலான் முதல் நனைப்பில் சுருங்கும். இயந்திரம் உலர்ந்த கண்டிலிருந்து நூலை எடுத்து அளந்து கட்டியிருக்கிறது. கடலில் கிடந்து சுருங்கிய நூல் தண்டை அறுத்திருக்கிறது. கொட்டகையில் எல்லாமே ஈரமாக இருந்ததால், பெண்களின் நூல் ஏற்கெனவே நனைந்து சுருங்கியது என்பது எவர் கண்ணிலும் படவில்லை. இசக்கிபாண்டியின் படத்திலும் விழவில்லை. அவன் வருவதே ஆறு மணிக்குத்தானே.

இருபது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணத்தை ஒருத்தியும் வெளியே விடவில்லை.

அன்று மாலை பேருந்து ஏறும் இடத்தில் இசக்கிபாண்டி அவளருகில் வந்து நின்றான். "என்னமோ ஒரு வித்தை இருக்கு. எனக்கு மட்டும் சொல்லு, செல்வி. உன்னய மட்டும் வேலைல வைக்கச் சொல்லுதேன். நாம பொழைச்சுக்கிடலாம்."

'நாம' என்ற சொல்லில் அவள் எத்தனையோ நாள் குடியிருந்திருக்கிறாள். ஒரு நொடி மனசு அசையத்தான் செய்தது.

"தையில என் கழுத்துல போடப்போற முடிச்சயும் யாருக்காச்சும் காட்டி வச்சிருக்கியளா, மச்சான்?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் பேருந்தில் ஏறிவிட்டாள்.

மறுநாள் மேலாளர் ஹேமந்த் லூர்தம்மாளையும் செல்வலட்சுமியையும் அழைத்தார். அறையின் சுவரில், 'நீங்கள் இல்லாமல் நாங்கள் இல்லை' என்று சிரிக்கும் பெண்களின் படத்தோடு ஒரு சுவரொட்டி இருந்தது.

"வேணும்னே ஏதாவது பண்ணினீங்களா?"

"மிஷின் பக்கமே எங்கள விடலையே சார்" என்றாள் லூர்தம்மாள்.

"கையால கட்டினா நிக்குது, மிஷின் கட்டினா நிக்கலை. நடுவுல என்னமோ பண்றீங்க. என்னம்மா அது?"

"அது காலைல அஞ்சுலருந்து ஆறு வரைக்கும் நாங்க செய்யுத வேலை சார்" என்றாள் செல்வலட்சுமி.

ஹேமந்த் கணினியைப் பார்த்தார். "ஷிஃப்ட்டே ஆறு மணிக்குத்தான். எங்க பதிவுல அப்படி ஒரு நேரமே இல்லையே. உங்களை யாரும் அப்ப வேலை செய்யச் சொல்லலை."

"அப்ப சரி சார். இல்லாத நேரத்துல செஞ்ச வேலைய எப்படிச் சொல்ல முடியும்?" என்றாள் செல்வலட்சுமி.

அவர் முகம் சிவந்தது. "மிரட்டுறீங்களா?"

"நீங்க கேட்டிய, பதில் சொல்லுதோம். அந்த ஒரு மணி நேரத்தப் பதிவுல ஏத்துங்க. கடுதாசிய ரத்து பண்ணுங்க. மிஷினும் நிக்கட்டும், பக்கத்துல நாங்களும் நிக்கோம்."

"ஒரே வாரத்துல எங்க என்ஜினியர் கண்டுபிடிச்சிடுவாரு."

"கண்டுபிடிக்கட்டும் சார்" என்றாள் லூர்தம்மாள். "ஆனா அந்த ஒரு வாரம் தொட்டில இருக்க பாசி காத்துக்கிட்டு இருக்காது. அழுகிரும்."

மறுநாள் ஐந்து மணிக்குப் பேருந்து வழக்கம்போல இறக்கிவிட்டது. இருபது பேரும் பின்பக்கம் போகவில்லை. வாசலில், மஞ்சள் விளக்கின் கீழே வரிசையாக உட்கார்ந்தார்கள். காவலாளி வந்து விரட்டிப் பார்த்தார். ஆறு மணிக்குத்தான் ஷிஃப்ட், அதுவரை ரோட்டில் உட்காரக்கூடாதா என்று கேட்டாள் லூர்தம்மாள்.

சற்று நேரத்தில் மெர்சி வந்தாள், பின்னால் லோடிங் ஆட்கள் ஆறு பேரோடு.

"உனக்குத்தான் கடுதாசி வரலயே, மெர்சி. எதுக்கு வந்த?"

"உன் கைய மிஷின்ல போட்டவன் என் முதுக எப்ப போடுவான்னு இன்னா கேரண்டி? தள்ளி உக்காரு."

பின்பக்கம் போன கடல்தண்ணீர் லாரி வாசலுக்குத் திரும்பி வந்து நின்றது. வெங்கடேசன் தலையை நீட்டினான். "பின்னால ஒருத்தரும் இல்ல. எங்கக்கா எறக்கறது?"

"இப்ப அப்படியொரு மணியே இல்லையாம்ப்பா. ஆபீஸ்ல சொல்லிட்டாவ" என்றாள் லூர்தம்மாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்தான்.

ஆறடித்தது. விரல் வைக்கும் பெட்டி பச்சையாக விழித்தது. எதிர்ச் சாரியில் இசக்கிபாண்டி வந்துகொண்டிருந்தான். அவர்களைப் பார்த்து நின்றான். செல்வலட்சுமியின் கண்கள் அவனைத் தொட்டு மீண்டன. அவன் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நடந்துபோய் விரலை வைத்தான். பெட்டி அவன் பெயரைச் சொல்லி வரவேற்றது. வேறு யாருக்காகவோ கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பச்சை அணைந்தது.

உள்ளே தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. ஹேமந்த் வருவாரோ, போலீஸ் வருமோ, தெரியாது. லாரிக் குழாயிலிருந்து கடல்தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலையில் விழுந்தது. செல்வலட்சுமி மேலங்கிப் பைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள். ஒன்றை லூர்தம்மாள் பிடித்துக்கொண்டாள். தழும்பிருந்த இன்னொன்றை மெர்சி பிடித்துக்கொண்டாள், எழுந்துபோக விடமாட்டேன் என்பது போல, நன்றாக இறுக்கி.