வெள்ளைத் தகடு

"இவன்தான் எங்க அண்ணன் பையன்," என்று சித்தப்பா அவனை ஏழாவது முறையாக அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். கூடத்தில் அப்பா கட்டிலில் கிடந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் அவரைவிட இவனைத்தான் அதிகம் பார்த்தார்கள். கிரகங்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பார்த்தே அங்கே என்ன மண், என்ன பாறை என்று சொல்லிவிடுவானாம். தானே போய் அள்ளி வந்த மாதிரி சித்தப்பா கையை வேறு விரித்துக் காட்டினார்.

மற்ற நாளாயிருந்தால் அவனே இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருப்பான். ஒவ்வொரு கல்லும் வெளிச்சத்தில் தனக்கு வேண்டியதை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும். விழுங்கியது எது என்று கண்டுபிடித்தால் கல்லின் ஜாதகமே கையில். மேடையில் கைதட்டு வாங்கித் தரும் வாக்கியம் அது.

கல்லீரல் என்றார் டாக்டர். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் முன்னால்தான் வீடியோவில் அப்பா கேட்டார்.

"ஏம்ப்பா, நான் கொஞ்சம் மஞ்சளாத் தெரியறேனா?"

"பல்பு மட்டம்ப்பா. மாத்துங்க," என்றான் அவன், திரையின் மூலையில் ஒரு கட்டுரையைத் திருத்திக்கொண்டே.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்தார்.

"பல்பு மாத்தினது நான்தான் சார். ஆறு பல்பு, பாத்ரூம் வரைக்கும். அப்பவும் மஞ்சளாத்தான் இருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். வெளிச்சத்தைப் பத்தி என் பையனுக்குத் தெரியாததான்னுட்டாரு."

சித்தப்பா அவன் தோளைத் தட்டினார். "பாத்தியா? கடைசி வரைக்கும் உன்மேல என்ன ஒரு பெருமை."

அவனிடம் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் நாள் முதல் பாடம் ஒன்று உண்டு. எந்தக் கல்லை அளக்கும் முன்பும் அதே விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தகட்டை அளந்துகொள்ள வேண்டும். தகடு வெள்ளையாகத் தெரிந்தால் விளக்கின் மேல் குற்றமில்லை, நிறம் கல்லுடையது. போன வருஷம் இதை மறந்த ஒருத்தியை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கிழித்திருக்கிறான்.

வீடியோவில் அப்பா பனியன் போட்டிருந்தார். சலவையிலிருந்து வந்த பனியன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

வெளியே இருட்டத் தொடங்கியது. அப்பாவின் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். புதிதாக யாரோ வந்து கட்டிலருகே குனிந்தார்கள்.

"லைட்டைப் போடுப்பா," என்றார் சித்தப்பா. "முகம் தெரியலை பாரு."

சுவிட்சுக்குப் பக்கத்தில் அவன்தான் நின்றிருந்தான். விரலை அதன்மேல் வைத்தான். அப்படியே நின்றுகொண்டிருந்தான்.