சங்கத் தலைவர் வாங்கிய வீடு

வங்கி ஏலத்தில் வீடு எடுத்தபோது நிஷீத் சமாத்தார் அதை வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. தாளில் 'உள்ளது உள்ளபடி' என்று இருந்ததைப் படித்துவிட்டு, சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். ரயில்வேயில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மனுஷன். அந்த 'உள்ளபடி'யில் நாங்களும் அடக்கம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் என்றால் எங்கள் பேட்டையான பெஹாலாவின் இளைஞர் சங்கம். பெயர்தான் இளைஞர், ஐம்பதுக்குக் குறைந்த ஆள் ஒருத்தன் கிடையாது. அந்த வீட்டு முன்னறை இருபத்தாறு வருஷமாக எங்களிடம்தான். கேரம் பலகை, டி.வி., காளி படம், செயலாளரான எனக்கு ஒரு கை வைத்த நாற்காலி. கடனில் மூழ்கிய பழைய சொந்தக்காரர் வீட்டை விட்டு ஓடிவிட்டார். நாங்கள் ஏன் ஓடவேண்டும்?

சமாத்தார் வந்து தன்மையாகத்தான் கேட்டார். மனைவி பேலாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, மாடி ஏற முடியாது, முன்னறை அவளுக்குத்தான் என்றார். எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் கேரம் எங்கே ஆடுவது? கத்தரிக்காய் பஜ்ஜியும் டீயும் கொடுத்து அனுப்பினோம். மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அப்போதுதான் எங்கள் பாச்சு அந்த யோசனையைச் சொன்னான். ஆளைச் சங்கத் தலைவராக்கிவிட்டோம். மாலை விழுகிற கழுத்தை எங்களூர்க்காரன் எவனும் பின்னுக்கு இழுக்கமாட்டான். சால்வை போர்த்தியதும் சமாத்தார் உருகிப்போய் நாற்பது நிமிஷம் பேசினார். அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் பேலா என்ன சொன்னாளோ, பத்தாம் நாள் காவல் நிலையத்துக்குப் போனார். பெரிய பாபு, அதாவது இன்ஸ்பெக்டர், புகாரைப் படித்தார்.

"இளைஞர் சங்கத் தலைவர் மேல புகாரா? யாருங்க அது?"

"நான்தாங்க."

"அப்ப உங்களையே புடிச்சு உள்ள வைக்கவா?"

இரண்டு நாள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மூன்றாம் நாள் காலையில் வேன் வந்தது. முதலில் ஒரு கட்டில் இறங்கியது, பின்னால் கைத்தடியோடு பேலா. சங்கத்துப் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?"

நான்தான் படித்தேன். எழுதியதும் நான்தான், என்னை எதால் அடிப்பது? "நோயாளிகளுக்குச் சேவை, அண்ணி."

"நல்லதாப் போச்சு. கட்டிலை ஜன்னல் ஓரமாப் போடுங்க."

தெருப் பெண்கள் அத்தனை பேரும் கேட்டருகே கூடிவிட்டார்கள். தலைவர் மனைவியிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? நாங்களே நாலு பேர் தூக்கிப் போட்டோம். கேரம் பலகை இப்போது சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அவள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க ஆள் முறை போட்டிருக்கிறோம், செவ்வாயும் வெள்ளியும் எனக்கு.

வலி முழுசாகப் போனதும் அறையைக் காலி செய்துவிடுகிறேன் என்கிறாள். டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அது போகிற வலி இல்லையாம்.