கேபினில் ஒளித்த பால் டின்

பூசணி என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று கேட்டால் அந்தக் கட்டட வேலையிடத்தில் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். ஆனால் அப்படிச் சொல்லாதவனும் ஒருவன் இல்லை. மூஞ்சிக்கு நேரே "அண்ணே", முதுகுக்குப் பின்னால் "பூசணி". அவருக்கும் தெரியும், தெரிந்து என்ன செய்வது? ஆளோ கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணியைப் பிடித்து ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தாராளமாக மறைக்கலாம்.

அவர் மறைக்க நினைத்ததும் உடம்பை இல்லை, சாப்பாட்டை. சின்ன வயதிலிருந்தே அவர் தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்பதற்கென்றே நாலு பேர் இருந்தார்கள். விருந்து வீட்டில் நிறையச் சாப்பிட்டால் "பாத்தியா, பாத்தியா" என்று முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். கொஞ்சமாகச் சாப்பிட்டால் "வீட்லயே ஒரு கட்டு கட்டிட்டு வந்திருப்பாரு" என்பார்கள். அட வெட்கங்கெட்டவர்களா, உங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டால் உங்களுக்கு இறங்காதா? கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

கேபினில் அந்தத் தொல்லை கிடையாது. மதியம் ஆனால் மேலிருந்து ஒரு கயிறு இறங்கும். கீழே மச்சான் அதில் பையைக் கட்டி விடுவான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. எந்தச் சுமையை எங்கே இறக்கவேண்டும் என்று தரையில் நின்று வாக்கிடாக்கியில் சொல்கிறவன் அவன்தான். ஆபத்து என்றால் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுவான், தெருக்கோடி வரை கேட்கும். அதனால் அவனுக்கு விசில் என்று பெயர். உயரம் என்றால் தொடை நடுங்கி. ஒரு நாளும் அந்த ஏணியில் கால் வைத்ததில்லை. அவன் கட்டிவிடும் பையைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, பார்க்க ஒரு கண் இல்லாத இடத்தில் அவர் நிதானமாகச் சாப்பிடுவார். அது போதாத நாளுக்கு இருக்கட்டும் என்று, இருக்கைக்குக் கீழே தீயணைப்பு உருளைக்குப் பின்னால் டின் பால் ஒளித்து வைத்திருந்தார். கெட்டியான சர்க்கரைப் பால். அது விசிலுக்குக்கூடத் தெரியாது.

பிறகு புதிதாக ஒரு சேஃப்டி சார் வந்தார். வந்தவர் ஏணியின் காலடியில் ஒரு எடை இயந்திரத்தைப் போட்டார். ஏறுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் பெல்ட் இவ்வளவு எடைதான் தாங்கும், அதற்கு மேல் ஆள் ஏறக் கூடாது என்று முள் ஓடும் தட்டில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். பூசணி ஏறி நின்றதும் முள் அந்தக் கோட்டைத் தாண்டி ஓடியது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மனசு வருத்தப்படாதீங்க. ஆறு மாசம் டைம் தர்றேன். எடை இறங்குனா கேபின் உங்களுக்குத்தான். இல்லைன்னா கடைசி வரைக்கும் ஸ்டோர்தான்" என்றார் சேஃப்டி சார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கொடுக்கிற தண்டனையைத்தான் திட்டவும் முடிவதில்லை.

ஸ்டோர் என்பது ஒரு தகரக் கொட்டகை. ஆணி, கையுறை, ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று. ஒரு நாள் இன்ஜினீயர் உள்ளே வர, மரியாதைக்கு இவர் எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. இன்ஜினீயர் சிரிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு பிஸ்கட் தின்பதென்றாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அப்போதும் ஜன்னலில் ஒரு தலை தெரியும், "அண்ணே, ஆணி" என்று.

எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்து மனைவியோடு போய் உட்கார்ந்தபோது டாக்டர் கேட்டார், "எதுக்காகப் பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்க?"

"மேல போகணும் டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, கிரேனுக்குங்க டாக்டர், கிரேனுக்கு" என்று மனைவி குறுக்கே விழுந்தாள்.

வயிற்றைக் குட்டிப் பை அளவுக்குத் தடுத்து, குடலை அதில் நேராகக் கொண்டுவந்து இணைப்பார்களாம். அதற்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் நீராகாரம். "கல்லீரல் சுருங்கணும். இல்லைன்னா எங்க கருவி உள்ள போக இடம் இருக்காது. ஏமாத்துனா வயித்தைத் திறந்த உடனே எங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார் டாக்டர். பாருங்கள், வயிற்றுக்குள்ளும் எட்டிப் பார்க்க ஆள் வந்துவிட்டது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவர் கல்லீரலைச் சுருக்கினார். மனைவி சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கினால் இவர் ஜன்னலைச் சாத்தினார், சாத்திவிட்டு அந்த இடுக்கில் மூக்கை வைத்தார். ஒரு நாள் எரிச்சலில், "எனக்குப் பூட்டு போட்டுட்டு நீ மட்டும் எங்க சாப்பிடுற?" என்று கத்தினார்.

"நானும் அந்தத் தண்ணியத்தாங்க குடிக்கிறேன். உங்களைப் பட்டினி போட்டுட்டு என்னால எப்படிங்க மெல்ல முடியும்?"

அப்போதுதான் அவள் கன்னத்தைப் பார்த்தார். ஒட்டிப்போயிருந்தது. வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், தோள்பட்டையில் காற்று அடைத்த வலி. மருந்து பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். ஊருக்கு முந்நூறு டன் கம்பி தூக்கிக் கொடுத்த ஆளுக்குத் தன் காலைத் தூக்க மூச்சு வாங்கியது. உணவு ஆலோசகர் அம்மா வந்து படுக்கையருகில் உட்கார்ந்தார்.

"சின்னக் கரண்டி. கூழா ஆகுற வரைக்கும் மெல்லணும். சாப்பிடும்போது தண்ணி கூடாது. இனிப்பு மட்டும் தொட்டுடாதீங்க. நேரா குடலுக்கு இறங்கிடும். நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், தலை சுத்தும். சாக மாட்டீங்க, ஆனா செத்தாத் தேவலைன்னு இருக்கும்."

"சரிங்கம்மா" என்றார். கண்ணை மூடினால் கிரேன் தெரிந்தது. உயரத்துக்கும் காற்றுக்கும்தான் மனம் ஏங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். கூடவே உருளைக்குப் பின்னால் இருந்த டின்னும் தெரிந்தது. அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு உடம்பு இறங்க ஆரம்பித்தது. இறங்கியது என்றால் ஏதோ ஒன்றிரண்டு இல்லை, சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. தொல்லை மட்டும் இறங்கவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வந்தார்கள். "அய்யய்யோ, இவ்வளவுதானா? இது குருவிக்குக்கூடப் பத்தாதே!" நிறையத் தின்றபோது எண்ணியவர்கள் இப்போது கரண்டியை எண்ணினார்கள். எண்ணுவதற்கு வசதியாகவும் இருந்தது. அவர் அத்தனை பேர் நடுவில் அந்தக் கூழை மென்று மென்று, விழுங்கப் பயந்து, ஒரு நாள் வாயில் வைத்துக்கொண்டே எழுந்து போய்த் துப்பினார்.

ஆறு மாதம் முடிவதற்குள் முள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. ஏணிக்கடியில் எல்லாரும் கை தட்டினார்கள். "அத்தான், அக்கா டப்பா குடுத்திருக்கா. அதுக்கு மேல எதையும் கயித்துல கட்டக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா" என்றான் விசில். அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். மேலே இருக்கையில் உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் இடம் மிச்சம் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே வானம். பார்க்க ஒரு கண் கிடையாது. அழுதேவிட்டார்.

மதியம் டப்பாவைத் திறந்தார். நாலு கரண்டி. மெதுவாகத்தான் தின்றார், ஆனாலும் தீர்ந்துவிட்டது. மணியைப் பார்த்தார். ஊர் முழுக்க அவருடையது, நேரம் அவருடையது, கதவு சாத்தியிருக்கிறது. கை தானாக இருக்கைக்குக் கீழே போனது. உருளைக்குப் பின்னால் டின் இருந்தது, இடையில் ஓட்டியவன் கண்ணில் படவேயில்லை.

ஒரு வாய் என்றுதான் ஸ்க்ரூ டிரைவரால் துளை போட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அந்தப் பூனைக்காவது முழு வயிறு இருந்தது. பாதி டின் காலியான பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

வேலை தொடங்கியது. கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கி, மேல் தளத்தில் இருக்கிறவர்களிடம் இறக்கவேண்டும். கட்டு பாதி வழி போனபோது நெஞ்சு உதைக்க ஆரம்பித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. குடலை யாரோ துணி பிழிவதுபோல் முறுக்கினார்கள். கை நடுங்கி, கட்டு நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஆட்கள் பக்கம் போனது. கீழிருந்து விசில் சத்தம் கிழித்தது. அவர் கைப்பிடியை விட்டார், விட்டால் கிரேன் தானாக நிற்கும். கட்டு நின்றது, நின்ற இடத்தில் ஆடியது, அதற்கு நேர் கீழே நாலைந்து மஞ்சள் ஹெல்மெட்.

"அத்தான், என்ன ஆச்சு?"

"காத்துடா... காத்து."

"கொடி அசையவே இல்லையே அத்தான்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. கத்தினால் கேபின் போச்சு, அந்தத் தகரக் கொட்டகையும் நாற்காலியும் ஆயுளுக்கும். கத்தாவிட்டால்? அந்த மஞ்சள் ஹெல்மெட்டுகளுக்குள் தலைகள் இருந்தன. ஒவ்வொரு தலைக்கும் வீட்டில் ஒரு டப்பா கட்டிக் கொடுத்திருப்பார்கள்.

"மச்சான், எனக்கு முடியல. ஆளையெல்லாம் விலக்கு. ஒருத்தன் நிக்கக் கூடாது."

விலக்கினான். அவன் சொல்லச் சொல்ல, கண்ணைத் துடைக்கத் துடைக்க, விரல் விரலாக அந்தக் கட்டை வெறுந்தரையில் இறக்கினார். இறக்கி முடித்ததும் இருக்கையிலிருந்து சரிந்து கேபின் தரையில் படுத்தார். முன்பெல்லாம் அந்தத் தரையில் அவர் உட்காரக்கூட முடியாது. இப்போது முழங்காலை மடக்கிக்கொண்டு குழந்தை மாதிரி படுக்க இடம் இருந்தது. எழுந்து ஏணியில் இறங்கத்தான் தெம்பில்லை. ஏங்கி ஏங்கி வந்த இடத்தில் மாட்டிக்கொண்டு கிடந்தார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அத்தான், சேஃப்டி சார் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்காரு. என்ன சாப்டீங்கன்னு கேக்குறாங்க."

அந்த வாக்கிடாக்கியில் விசில் மட்டும் இல்லை. வேலையிடத்தில் யார் கையில் கருவி இருக்கிறதோ அத்தனை பேருக்கும் கேட்கும். அவர் பொத்தானை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார்.

"டின் பாலு. அரை டின்னு. நானே... ஒளிச்சு வச்சிருந்தேன்."

எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"எவன்டா அவன் சிரிக்கிறவன்? இறங்கி வாடா கீழ!" என்று விசில் கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வெளியே விசில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏணிக் கம்பியை இரண்டு கையாலும் அணைத்தபடி நின்றான். "அத்தான், சீக்கிரம் திறங்க, நான் செத்துடுவேன்." உள்ளே வந்து அவரோடு தரையில் உட்கார்ந்தான். டின்னைப் பார்த்தான், அதைக் காலால் ஓரமாகத் தள்ளினான். யாருக்கு யார் துணை என்று தெரியாமல், படபடப்பு அடங்கும்வரை இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

இறங்கியபோது கூட்டமே நின்றது. இனி ஸ்டோர்தான் என்று நினைத்தார். சேஃப்டி சார் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"டின்னை நான் மன்னிக்க மாட்டேன். ஆனா காத்துன்னு சொல்லிட்டு அப்படியே ஓட்டியிருக்கலாம் நீங்க. ஓட்டல. டாக்டர் சரின்னு சொன்னதும் கேபின் உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. மேல இனிமே ஒரு பருக்கை போகாது. மதியம் இறங்கி வந்து சாப்பாட்டுக் கொட்டகையில எல்லாரோடயும் சாப்பிடணும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் எங்க கண்ணு முன்னாடி உக்காரணும். அப்புறம் ஏறுங்க."

எதற்காக அந்தக் கேபின் வேண்டும் என்று வயிற்றையே வெட்டிக்கொண்டாரோ, அதைக் கழித்துவிட்டு மீதிக் கேபினைக் கொடுத்தார்கள். மனைவியிடம் சொன்னார். "அத்தனை பேரும் பாப்பாங்கடி." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்க்க மாட்டார்கள் என்று பொய் சொல்லவில்லை.

டாக்டர் சரி என்று சொல்லி, மறுபடி ஏறி, முதல் மதியம் வந்தது. சாப்பாட்டுக் கொட்டகையில் நீள மேசை, இரண்டு பக்கமும் ஆட்கள். அவர் டப்பாவை வைத்ததும் பேச்சு நின்றது. மூடியைத் திறந்த சத்தம்கூடக் கேட்டது. விசில் எதிரே உட்கார்ந்து, தன் சாப்பாட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, பிடிவாதமாகக் குனிந்திருந்தான். மற்றவர்களும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

தலையைக் குனிந்து எழுந்து போய்விடலாம். ஆயுள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறார். கை மூடியைத் தேடியது. பிறகு கரண்டியை எடுத்தது.

"டேய் மச்சான்" என்றார், மேசை முழுக்கக் கேட்கிற மாதிரி. "நிமிர்ந்து பாருடா. எல்லாருமே பாத்துத் தொலைங்க. நாலு கரண்டிதான் இருக்கு, சீக்கிரம் தீந்துடும்."

பார்த்தார்கள். அவர் முதல் கரண்டியை வாயில் வைத்து, கூழாகும் வரை மென்றார். காது சுட்டது, கண் கலங்கியது. விழுங்கினார்.