மருத்துவருக்காக எடுத்த படம்

அரங்கில் விளக்கை அணைக்கப்போகிற நேரத்தில்தான் தையல்காரி தன் மகளைப் பார்த்தாள். வரமாட்டேன் என்று காலையில் அடித்துச் சொன்னவள், கண்ணாடிக் கடையில் தன்னோடு வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலிப்பு வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அம்மா தைத்த துணிப்பைகளை விற்று வலிப்பு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறார்கள் என்று மட்டும் சொல்லி அழைத்து வந்திருப்பாள்.

 அடுத்து திரையில் வரப்போவது மகளின் படம். வலிப்பு வரும்போது கைப்பேசியில் வீடியோவாக எடுத்து வாருங்கள், பார்த்தால்தான் எந்த வகை என்று பிடிபடும் என்று மருத்துவர் கேட்டதற்காக எடுத்தது. பிள்ளை தரையில் கிடந்து இழுக்கும்போது படம்பிடிக்க எந்தத் தாய்க்குக் கை வரும்? இவளுக்கு வந்தது. அதைப் பார்த்த, நிதி திரட்டும் சங்கத்தின் தலைவி, நாள் முழுக்கப் பேசினாலும் இளகாத மனசு இதைப் பார்த்தால் இளகிவிடும் என்றாள். இருக்கிற மருந்து எதற்கும் மகளின் வலிப்பு அடங்கவில்லை, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் உண்டு. தையல்காரி தலையாட்டிவிட்டாள். மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பாள், அது தெரிந்துதான் கேட்கவில்லை.

நாற்காலிகளில் முட்டி இடிக்க, படம் போடுகிறவரிடம் ஓடினாள். தலைவி குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே நிமிஷம்மா. உங்க பொண்ணுக்காகவுந்தான இவ்வளவும்?"

"அவ வந்திருக்கா. நிறுத்துங்க."

விளக்கு அணைந்தது. திரையில் அவர்கள் வீட்டுச் சமையலறை. நனைந்த உடையோடு, வாய் கோணி, மகள். கூட வந்த கடை ஆட்கள் திரையையும் பக்கத்தில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மகள் எழுந்தாள். இப்படியே வெளியே போய்விடுவாள், இனி ஜென்மத்துக்கும் முகம்கொடுத்துப் பேசமாட்டாள் என்று நினைத்தாள் தாய். தலைவியின் பிடியை உதறிவிட்டு மின்கம்பியைப் பிடுங்கக் குனிந்தாள்.

"நிறுத்தாதம்மா."

மகள் வாசல் பக்கம் போகவில்லை. திரைக்கு அடியில் போய் நின்றிருந்தாள்.

"எனக்கு வர்றத எத்தனையோ பேரு பாத்திருக்காங்க. நான் பாத்ததே இல்ல."

இத்தனை வருஷத்தில் தையல்காரிக்கு அது தோன்றியதே இல்லை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். திரையில் படம் ஆடியது. ஓரத்திலிருந்து தையல்காரியின் இன்னொரு கை நீண்டு, மோதிக்கொண்டிருந்த தலைக்கும் தரைக்கும் நடுவே புகுந்தது. மகள் அண்ணாந்து, தன் முகத்தை விட்டுவிட்டு, நசுங்கி நசுங்கி மீண்ட அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.